செஞ்சி வட்டாரத்தில் டிவி கேம்: ஒரு பார்வை

கெடவரல், பண்ணை என்னும் இரண்டு உரிச்சொற்களுக்கும் விளையாட்டு என்னும் பொருளைத் தருகிறது தொல்காப்பியம். ஓரையாடல், வண்டலிழைத்தல், கழங்காடல், பந்தாடல் எனச் சங்கச் செய்யுட்களில் நாம் காணும் ஆடல்கள் பலவாம். நம் காலத்துக்கு அணித்தாக, மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1954ஆம் ஆண்டில் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை வெளியிட்டு, சிறுவர் சிறுமியர் ஆடிய ஆட்டங்களைப் பெயரோடும் ஆடும் முறையோடும் பதிவு செய்தார். பிள்ளை விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடாமல் ஒரு மொழியறிஞர் அதற்கெனத் தனிநூல் யாத்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்நூல் வெளிவந்து ஒரு தலைமுறை கழிந்தபின் தமிழகத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த ஆட்டம் ஒன்று உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் ஒரு சிறு பெட்டி. அதன் நெற்றியில் செருகும் 'கேசட்'. கம்பியால் பெட்டியோடு பிணைந்த இரண்டு 'ரிமோட்'. நம் மக்கள் அதனை 'டிவி கேம்' என்றனர். சிங்கவரத்து அரங்கநாதர் குடைவரைக்குச் செல்லும் சாலையிலும், செஞ்சிக் கோட்டையின் அடிவாரத் தெருக்களிலும் வளர்ந்து இன்று நாற்பது வயதை ஒட்டி நிற்கும் பலர், இப்பெட்டியின்முன் அமர்ந்து எழுந்தவர்களே. ஆயினும் இதனைப் பற்றித் தமிழில் எழுந்த எழுத்து மிகக் குறைவு. எழுந்தவையும் பெரும்பாலும் 'அந்த நாள் ஞாபகம்' என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. எந்த ஆட்டம் நல்ல ஆட்டம், எது வெறும் பொழுதுபோக்கு, ஏன் என்னும் வினாக்களை எழுப்பி நம் கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி வந்த வழி

சப்பானிய நாட்டின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டது. 1985இல் அமெரிக்கா சென்றபோது அதன் தோற்றமும் பெயரும் மாறின. இந்தியாவில் 'சாமுராய்' என்னும் பெயரில் உரிமம் பெற்ற பெட்டி விற்கப்பட்டதுண்டு. ஆனால் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அதுவன்று. நுழைந்தவை அதன் நகல்கள். 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்' முதலிய பெயர்களோடும், பெயரே இல்லாமலும் வந்த இப்பெட்டிகள் சென்னைப் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் குவிந்து, அங்கிருந்து திண்டிவனம் வழியே நம் ஊர்க் கடைகளை அடைந்தன. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளிலும், வாசனைத் திரவியத்துக்கும் டேப் ரிக்கார்டருக்கும் இடையே, சில வந்து சேர்ந்தன.

நகல் என்று சொல்லும்போது ஓர் உண்மையை மூடி மறைத்தல் முறையன்று. இப்பெட்டிகளும் கேசட்டுகளும் உரிமம் பெறாதவை. ஆட்டத்தை உருவாக்கிய கலைஞர்க்கு இவற்றின் விலையிலிருந்து ஒரு காசும் சேரவில்லை. அதே வேளையில், முறையான வழியில் வந்த பொருள் எத்தகைய விலையில் வந்தது என்பதையும் நோக்க வேண்டும். சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' பெட்டி 1995ஆம் ஆண்டில் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் விலை ஏறத்தாழ 18,000 ரூபாய். அக்காலத்து அரசு ஊழியர் பலருக்கு அது மாதங்கள் பலவற்றின் ஊதியம். ஆகவே 'சோனிக்' என்னும் நீலநிற முள்ளெலியைச் செஞ்சிப் பிள்ளைகள் அறிந்தது மிகச் சிலரின் வாய்மொழியாகவே. சப்பானில் 1983இல் பிறந்த பெட்டி இங்கு 1990களிலும் 2000த்திலும் வாழ்ந்தது. மேலைநாட்டார் அதனைப் பரணில் ஏற்றிய பின்னரே நாம் அதனைக் கூடத்தில் வைத்தோம்.

இரண்டாயிரம் எழுத்தில் ஒரு பேரரங்கு

இப்பெட்டியின் உள்ளே இருந்த நினைவகத்தின் அளவு 2 கிலோபைட். தமிழ்த்துறையினர்க்கு விளங்கும்படி கூறுவோம். இன்று கணினியில் தமிழைச் சேமிக்கும் ஒருங்குறி முறையில் ஒவ்வொரு குறிக்கும் பெரும்பாலும் 3 பைட் செலவாகிறது. அவ்வாறாயின் அப்பெட்டி தன் மனத்தில் ஒரே வேளையில் வைத்திருக்கக்கூடிய செய்தி, இக்கட்டுரையில் நூறு சொற்களுக்கும் போதாது. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும், அதன் 32 கட்டங்களும், பகைவரும், இசையும் சேர்த்து, கேசட்டில் அடைத்த இடம் 40 கிலோபைட். தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையைச் சேமிக்க அதைவிட மிகுதியான இடம் வேண்டும்!

இவ்வறுமையை ஆக்கியோர் எவ்வாறு கையாண்டனர் என்பதில்தான் கலை பிறக்கிறது. மாரியோ ஆட்டத்தில் வானில் மிதக்கும் மேகத்தையும் தரையில் நிற்கும் புதரையும் உற்று நோக்குக. இரண்டும் ஒரே வடிவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். நம்மில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் ஆடியும் இதனைக் காணவில்லை. இசையும் அவ்வாறே. பெட்டியில் ஒலி எழுப்பும் வழிகள் ஐந்தே. அவற்றுள்ளும் பண்ணிசைக்கப் பெரிதும் பயன்பட்டவை மூன்று. ஒன்று தாளத்துக்குரிய இரைச்சல். மற்றொன்று பதிவு செய்த சிற்றொலிகளுக்குரியது. இக்குறுகிய கருவியில் கோஜி கொண்டோ அமைத்த மெட்டை, மாரியோவை ஒருமுறை ஆடியவர் இன்றும் முணுமுணுப்பர்.

சில வேளைகளில் வறுமை வெளிப்பட்டும் விடும். திரையில் பகைவர் பலர் ஒரே வரிசையில் வந்தால் அவர்கள் மின்னி மின்னி மறைவதைக் கண்டிருப்போம். பெட்டி பழுதாயிற்று என்று எண்ணி, மேலே ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். அது பழுதன்று. ஒரு கிடைவரியில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் வரைய அப்பெட்டியால் இயலாது. ஒன்பதாவது துண்டு முற்றிலும் மறைந்துவிடாதிருக்க, ஆக்கியோர் வரையும் வரிசையை மாற்றி மாற்றி அமைத்தனர். எல்லோரும் சிறிது நேரம் மறைவதால் எவரும் முழுதும் மறைவதில்லை. அம்மினுக்கலின் மூலம் இதுவே.

மாரியோ ஆட்டத்தை நாம் உயர்வாக மதிப்பதற்கு அதன் சிக்கனம் மட்டும் காரணமன்று. ஆசிரியர் தொழில் செய்வோர் அதன் முதல் திரையைப் பார்த்தல் வேண்டும். ஷிகேரு மியாமோட்டோ தலைமையில் அமைந்த அம்முதல் திரையில் விளக்கவுரை ஒன்றுமில்லை. மாரியோ இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெற்றிடம். ஆகவே வலப்புறம் செல்கிறோம். எதிரே ஒரு சிறு பகை நடந்து வருகிறது. தொட்டால் மடிகிறோம், அதுவரை இழந்தது சில நொடிகளே. மறுமுறை தாண்டுகிறோம். தாண்டும்போது தலை மேலிருக்கும் கட்டையில் இடிக்கிறது, நாணயம் வருகிறது. ஆங்கிலமும் சப்பானிய மொழியும் அறியாத பிள்ளை இரண்டு நிமிடங்களில் ஆட்டத்தின் இலக்கணம் அனைத்தையும் கற்றுவிடுகிறது. நன்னூல் கூறும் நல்லாசிரியர்க்கு இதனைக் காட்டினால் அவரும் உடன்படுவார் என்றே நம்புகிறோம்.

எனினும் பழையன எல்லாம் பொன் எனல் பொருந்தாது. அக்காலத்து ஆட்டங்கள் பல, உள்ளடக்கம் சிறிதாக இருந்தமையால், அதனை நீட்டிக்கும் பொருட்டே கடுமையாக்கப்பட்டவை. எதிர்பாரா இடத்தில் எதிர்பாரா அடி. மடிந்தால் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆட்டம். மாரியோவில் ஆடிய அளவைச் சேமிக்கும் வசதி இல்லை. ஏழாம் உலகம் வரை சென்ற பிள்ளை மின்வெட்டு வந்தால் முதல் உலகத்துக்கே திரும்ப வேண்டும். நம் வட்டாரத்து மின்வெட்டைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 'ரோடு ஃபைட்டர்' என்னும் கார் ஆட்டம் நம் ஊரில் பெரும்புகழ் பெற்றதாயினும், பாதையை மனப்பாடம் செய்வதைத் தவிர அதில் வேறு திறன் மிகுதியாக இல்லை என்பது நம் கருத்து. 'டக் ஹண்ட்' எனப்படும் வாத்து சுடும் ஆட்டமும் பத்து நாளில் சலித்துவிடுவதே. நாயின் சிரிப்பு மட்டும் சலிப்பதில்லை, எரிச்சல் ஊட்டுவதிலிருந்து ஓய்வதுமில்லை. இன்னும் கீழானவை '9999 ஆட்டங்கள்' என்று மேலே அச்சிட்டு வந்த கேசட்டுகள். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்களே; அவற்றையே இரண்டாம் கட்டத்திலிருந்து ஒருமுறையும், மூன்றாம் கட்டத்திலிருந்து ஒருமுறையும் வேறு வேறு பெயரில் அடுக்கியிருப்பர். நம் பிள்ளைகள் விளம்பரத்தை ஐயுறக் கற்றுக்கொண்ட முதற் பள்ளி அதுவாகலாம்.

இரண்டாவது ரிமோட்

இனி, நாம் மிக முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருவோம். ஃபேமிலி கம்ப்யூட்டர் பெட்டி முதலிலிருந்தே இரண்டு ரிமோட்டுகளோடு வந்தது. நகல்களும் அவ்வழக்கத்தைப் பின்பற்றின. இரண்டாவது ரிமோட் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்திருந்தால், நம் சிற்றூர் வீடுகளில் பலவற்றில் அது இருந்திராது. பெட்டியோடு வந்தமையால், பெட்டி உள்ள வீட்டுப் பிள்ளையின் அருகே பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அவ்விடத்துக்குப் பெரும்பொருள் தந்தவை இரண்டு ஆட்டங்கள். முதலாவது, நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'. நம் பிள்ளைகள் அதனை 'டேங்க்' என்றே அழைத்தனர். திரையின் அடியில் செங்கற் சுவர் சூழ ஒரு கழுகு. மேலிருந்து ஒரு கட்டத்துக்கு 20 பகை வண்டிகள் வரும். கழுகு வீழ்ந்தால் ஆட்டம் முடியும். இருவரும் ஓர் அணி. ஒருவன் முன்சென்று தாக்க, மற்றவன் கழுகின் அருகே காவல் நிற்க வேண்டும். இருவரும் புகழை நாடி முன்னே ஓடினால் கழுகு வீழ்ந்துவிடும். காவல் நிற்பவனுக்கு எண்ணிக்கையில் மதிப்பெண் குறைவு. ஆனால் அவனின்றி வெற்றியில்லை. நண்பனைத் தவறிச் சுட்டாலோ அவன் மடிவதில்லை. சிறிது நேரம் அசைவற்று நிற்பான். அச்சிறு நேரத்தில் எழும் சண்டையை நாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

இவ்வாட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அக்காலத்தில் நின்டெண்டோ கேசட்டாக முறைப்படி வெளியிடப்பெறவே இல்லை. நகற்பெட்டிகள் பரவிய இந்தியா, உருசியா முதலிய நாடுகளிலேயே அது வீட்டுக்கு வீடு அறிந்த ஆட்டமாயிற்று. மேலைநாட்டார் எழுதும் 'சிறந்த ஆட்டங்கள்' பட்டியல்களில் அது அரிதாகவே இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. அவர்தம் பட்டியலை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.

கோட்டை நகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வாட்டம் வேறொரு வகையிலும் நெருங்கியது. அதில் ஆடுவோர் தாமே அரங்கை அமைக்கும் வசதி உண்டு. செங்கல், எஃகு, நீர், மரம் ஆகியவற்றை விரும்பியபடி அடுக்கலாம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரயான் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலை நாள்தோறும் காணும் கண்கள், மதில் எதற்கு, நீர் எதற்கு, ஒடுங்கிய வாயில் எதற்கு என்பவற்றை அத்திரையில் வைத்துப் பார்த்தன. 1690இல் முகலாயர் படை சூழ்ந்து, 1698இல் வீழும்வரை ஏறத்தாழ எட்டாண்டு தாங்கிய கோட்டை செஞ்சி. அம்முற்றுகையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், 'கழுகைச் சுற்றி எஃகு வைப்பாயா, நீர் வைப்பாயா?' என்று கேட்டுத் தொடங்கினால் பாடம் எளிதாகும்.

இரண்டாவது ஆட்டம் கோனாமி நிறுவனத்தின் 'காண்ட்ரா'. 1987இல் கடைகளில் காசு போட்டு ஆடும் பொறியாகத் தோன்றி, 1988இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. இரு வீரர், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும், உயிர்கள் மூன்றே. இவ்வாட்டத்தின் மூன்றாம் கட்டம் ஓர் அருவி. இருவரும் பாறையிலிருந்து பாறைக்குத் தாவி மேலே ஏற வேண்டும். முன்னே ஏறுபவனோடு திரையும் மேலே நகரும். பின்தங்கியவன் நின்ற பாறை திரையின் அடியில் மறைந்தால் அவன் வீழ்ந்து மடிவான். அதாவது, அங்கு நண்பனைக் கொல்வது பகைவனின் குண்டு மட்டுமன்று; தோழனின் விரைவும் கொல்லும். திறமை மிக்க பிள்ளை அவ்விடத்தில் நின்று, கீழே திரும்பி, 'வா, வா' என்று காத்திருக்கக் கற்றது. கற்காத பிள்ளையோடு மறுநாள் ஆட எவரும் வரவில்லை. விரைந்து ஏறுவதன்று, உடன் ஏறுவதே அக்கட்டத்தின் விதி. அதனை எழுத்தில் எங்கும் எழுதாமல், திரை நகரும் முறை ஒன்றினாலேயே உணர்த்தியமை காண்ட்ராவின் சிறப்பு என்போம். நின்டெண்டோவின் 'ஐஸ் கிளைம்பர்' ஆட்டத்திலும் இவ்விதி உண்டாயினும், காண்ட்ராவில்தான் அது நெஞ்சில் தைக்கிறது.

நம் ஊரின் கதைப்பாடல் நினைவுக்கு வருதல் இயல்பே. தேசிங்கு என்று மக்கள் வழங்கும் தேஜ் சிங் 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டார். சிங்கவரத்து அரங்கநாதர் அப்போருக்கு விடைதர மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இவ்வூர் வழக்கு. அவர்தம் உயிர்நண்பர் மகபத்கான் மணக்கோலத்தோடு எழுந்து களம் புகுந்து உடன் மாண்டார் என்று கதைப்பாடல் பேசும். இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இருவர் கூடி ஆடும் ஆட்டத்துக்குத் தனிச்சுவை இருந்தது எனல் மிகையன்று. ஒரு பாயில் தோள் உரச அமர்ந்த இரு பிள்ளைகளில் எவன் எத்தெருவினன், எவன் வீட்டில் என்ன பண்டிகை என்னும் கணக்கு அங்கு எழவில்லை. 'ஸ்ப்ரெட்' துப்பாக்கியை யார் எடுப்பது என்பது ஒன்றே வழக்கு.

காண்ட்ராவோடு இணைந்த மற்றொரு செய்தியும் உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று வரிசையாக அழுத்தினால் மூன்று உயிருக்கு மாறாக முப்பது உயிர் கிடைக்கும். கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தைச் சோதிக்கும்போது, அதன் கடுமையைத் தாமே கடக்க இயலாமையால் அமைத்துக்கொண்ட குறுக்குவழி இது. நீக்க மறந்து கேசட்டோடு வெளியே போயிற்று. அவர் 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தபோது உலகெங்கும் அவ்வரிசையை எழுதியே அஞ்சலி செலுத்தினர். ஆக்கியவரே தம் ஆட்டத்தில் தோற்றார் என்பதை அறியும் பிள்ளைக்கு அது சிறிய ஆறுதலன்று.

பெரியோரின் கவலை

சமுதாயப் பெரியோர் இவ்வாட்டங்களைக் குறித்து அன்று கொண்ட கவலைகளையும் இங்கு ஆராய்தல் தகும். 'டிவியின் பிக்சர் டியூப் போய்விடும்' என்பது வீடுதோறும் ஒலித்த குரல். அதில் ஓரளவு உண்மை உண்டு. அசையாப் படம் ஒன்று நெடுநேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால், பழைய குழாய்த் திரையின் உட்பூச்சு அவ்விடத்தில் தேய்ந்து தடம் பதியும். ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டுச் சோறுண்ணப் போன பிள்ளையே இதற்குக் காரணம், ஆடிய பிள்ளையன்று. கண் நோகும், படிப்புக் கெடும் என்ற கவலைகள் அளவைப் பொறுத்தவை.

ஆனால் அன்றைய ஆட்டத்துக்கும் இன்று கைப்பேசியில் ஓடும் ஆட்டங்கள் பலவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியோர் உணர்தல் வேண்டும். மாரியோவுக்கு முடிவு உண்டு. எட்டு உலகம், உலகுக்கு நான்கு கட்டம்; இளவரசியைக் கண்டதும் ஆட்டம் நிறைவுறும்; பிள்ளை எழுந்து போகும். கேசட்டுக்கு ஒருமுறை விலை கொடுத்தால் அதன்பின் அது காசு கேட்பதில்லை. விளம்பரம் காட்டுவதில்லை. பந்தயமும் இல்லை. இன்றைய ஆட்டங்கள் பல முடிவே இல்லாதவை. சிலவற்றில் அதிர்ஷ்டப் பெட்டியைத் திறக்கக் காசு வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்த பின்னர்த் தமிழக அரசு 2022இல் சட்டம் இயற்றியது. அது 2023இல் ஆளுநரின் இசைவு பெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சூதையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. பழைய டிவி கேம் விளையாட்டின் பக்கம் நிற்பது என்பதை அதன் அமைப்பே காட்டுகிறது.

அழியும் பொருள்

இவ்வளவும் கூறுவதற்குக் காரணம், இப்பொருள் நம் கண்முன்னே அழிந்துகொண்டிருப்பதே. வாத்து சுடும் ஆட்டத்தையே சான்றாகக் கொள்வோம். அத்துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிப்படுவதில்லை. அது ஒளியை வாங்குவது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுதும் கருக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அவ்வெள்ளையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பழைய குழாய்த் திரை சொன்னவுடன் ஒளிர்வது. இன்றைய தட்டைத் திரை சற்றுத் தாமதித்தே காட்டுவது. அதன் ஒளியும் அத்துப்பாக்கிக்குப் பழக்கமானதன்று. ஆகவே பெட்டியும் கேசட்டும் துப்பாக்கியும் பழுதின்றி இருந்தாலும், குழாய்த் திரை இல்லையேல் அவ்வாட்டம் இல்லை.

தமிழகத்தில் அத்திரை எளிய வீடுகளை அடைந்தது மிக அண்மையில்தான். 2006ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. திருவிழாக் கடைகளில் மலிவாகக் கிடைத்த நகற்பெட்டிக்கு அவை துணையாயின. இன்று அத்தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகின்றன. நகற்பெட்டிகளின் நிலையும் நன்றன்று. திறந்து பார்த்தால், மூலப்பெட்டியின் சில்லுகள் பலவற்றின் வேலையை ஒன்றாகத் திரட்டிய ஒரே சில்லும், அதன்மேல் இறுகிய கரும்பசைத் துளியும் காணப்படும். அது கெட்டால் எந்த மெக்கானிக்கும் செய்யத்தக்கது ஏதுமில்லை.

மேலைநாடுகளில் இதற்கென அமைப்புகள் உள்ளன. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை என்று கண்டது. அவர்கள் கணக்கிட்டது அவர்தம் ஆட்டங்களை. ரிச்சி தெருவில் விற்ற கேசட்டின் மேல் ஒட்டிய தாளும், அதில் பிழையாக அச்சிட்ட பெயரும், அதனைப் பிள்ளைகள் தமிழில் அழைத்த பெயரும் அவர்தம் கணக்கில் வாரா. செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு சூலையில் மராத்தியரின் இராணுவக் கோட்டைத் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது, நாம் மகிழ்ந்தோம். கல்லுக்குக் காவலர் கிடைத்துவிட்டனர். பிளாஸ்டிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பரணில் இத்தகைய பெட்டி உள்ள அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கேசட் வேலை செய்யாதபோது அதன் வாயில் ஊதுவது நம் அனைவரின் வழக்கம். ஊதியதால் அது ஓடவில்லை. எடுத்து மீண்டும் செருகியதால் ஓடியது. ஊதும்போது படும் ஈரம் செப்புத் தகடுகளை நாளடைவில் அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் மெல்லத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகுதல் நன்று. மஞ்சள், வெள்ளை முனைகள் கொண்ட கம்பி பெட்டியோடு இருப்பின், பழைய ஆண்டெனாக் கம்பியை விட அதுவே தெளிவான படம் தரும். பெட்டி ஓடாவிடினும் எடைக்குப் போட வேண்டா. மேலொட்டிய தாளைக் கிழிக்காமல், எந்த ஊரில் எந்த ஆண்டில் வாங்கியது, யார் யார் ஆடினர், எந்த ஆட்டத்துக்கு என்ன பெயரிட்டனர், மடிந்தபோதும் வென்றபோதும் என்ன சொல் கூறினர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அதனோடு ஒரு உறையிலிட்டு வைக்க. மாணவர்கள் தம் அண்ணன்மாரிடமும் மாமன்மாரிடமும் கேட்டுத் தொகுக்கும் அத்தகைய தாள்களைப் பெற்று, பாவாணர் வகுத்த முறையில் அகரவரிசைப்படுத்தத் தமிழ்த்துறையின் நூலக அலமாரியில் ஓர் அடுக்கு போதும்.